கையின் விரைவும் கருத்தின் தெளிவும்

(மாணவர் ஊக்கத்தொகை வழங்கும் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தேர்வு முடிவு வெளிவரும் நாளில் பல இல்லங்களில் ஒரே சொல் கேட்கிறது. "பிள்ளைக்கு எல்லாம் தெரியும், நேரந்தான் போதவில்லை" என்கின்றனர். வேறு சில இல்லங்களில், "நன்றாகத்தான் எழுதினாள், கையெழுத்துத்தான் கெடுத்துவிட்டது" என்கின்றனர். இவ்விரண்டும் பெரும்பாலும் உண்மையே. படிக்காத பிள்ளை பின்தங்கினால் காரணம் வெளிப்படை. படித்த பிள்ளை, தனக்குத் தெரிந்த விடையை எழுதி முடிக்க இயலாமல் பின்தங்குவது அதனினும் பெரிய துயரம். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து தேர்வு எழுத வரும் ஒரு பிள்ளையின் பின்னால் ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பு நிற்கிறது. நெல் விற்ற பணமும், மணிலா விற்ற பணமும் கட்டணமாகியுள்ளன. அவ்வுழைப்பு கடைசி இரண்டு வினாக்களுக்கு நேரம் இல்லாமற்போனதால் வீணாகலாகாது. ஆதலின், குறித்த நேரத்துக்குள் கட்டுரையை விரைவாகவும் பிறர் படிக்கும்படியாகவும் எழுதுவது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் நேரத்தின் அளவை அறிதல் வேண்டும். மேல்நிலை இரண்டாம் ஆண்டுத் தமிழ்த் தேர்வுக்கு 90 மதிப்பெண். எழுதும் நேரம் மூன்று மணி. அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம். சரிபார்க்க 15 நிமிடத்தை ஒதுக்கிவிட்டால், 6 மதிப்பெண் பெறும் நெடுவினா ஒன்றுக்குக் கிடைப்பது 11 நிமிடமே. மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணி முதன்மைத் தேர்வு இதனினும் கடியது. அதன் பொது அறிவுத் தாள் ஒவ்வொன்றிலும் 20 வினாக்கள் உள்ளன. பத்து வினாக்களுக்கு 150 சொற்கள், பத்து வினாக்களுக்கு 250 சொற்கள் என மூன்று மணி நேரத்தில் 4000 சொற்கள் எழுதுதல் வேண்டும். சிறு வினாவுக்கு 7 நிமிடம், பெரு வினாவுக்கு 11 நிமிடம் என வகுத்தால் 180 நிமிடமும் தீர்ந்துவிடும். மிச்சம் ஒன்றும் இராது. கட்டுரைத் தாளில் ஆயிரம் சொற்களுக்கு மேற்பட்ட இரண்டு கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். இத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பதால், தமிழில் விரைந்து எழுதும் பயிற்சி பள்ளிப் பருவத்தோடு முடிந்துவிடுவதன்று.

இக்கணக்கைக் கேட்டவுடன், "கை இன்னும் வேகமாக ஓட வேண்டும்" என்று மாணவர் எண்ணுவது இயல்பு. ஆனால் நேரம் எங்கே செலவாகிறது என்று உற்று நோக்கினால் வேறொன்று புலப்படும். தேர்வு அறையில் ஒரு மாணவரின் பேனா இடைவிடாமல் ஓடுவதில்லை. ஒரு வாக்கியம் எழுதியபின் அடுத்தது என்ன என்று நிற்கிறது. எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதுகிறது. முன்பே சொன்னதை மறந்து மீண்டும் சொல்கிறது. நான்காம் பத்தியில் இருக்கும்போது, முதற்பத்தியில் சொல்லியிருக்க வேண்டிய செய்தி நினைவுக்கு வந்து மனம் தடுமாறுகிறது. நேரம் பெரும்பாலும் இந்நிறுத்தங்களில்தான் கரைகிறது. நின்ற நேரத்தை ஈடுகட்டக் கையை விரட்டும்போதுதான் எழுத்துச் சிதைகிறது. ஆக, நேரமின்மை, கையெழுத்துக் கேடு என்னும் இரண்டு நோய்களுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றே. என்ன எழுதுவது என்று முடிவு செய்யும் முன்னரே எழுதத் தொடங்குவதுதான் அவ்வேர்.

இதனை ஒவ்வொரு மாணவரும் தாமே சோதித்து அறியலாம். பாடநூலின் ஒரு பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, தெளிவான கையெழுத்தில் 10 நிமிடம் பார்த்து எழுதுதல் வேண்டும். எழுதிய சொற்களை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள், நன்கு தெரிந்த ஒரு தலைப்பில் நூலைப் பாராமல் 10 நிமிடம் எழுதி, அச்சொற்களையும் எண்ண வேண்டும். முதல் எண் கையின் ஆற்றலைக் காட்டும். இரண்டாம் எண் மனமும் கையும் சேர்ந்து செய்த வேலையைக் காட்டும். முதல் எண்ணே குறைவாக இருந்தால் கைக்குப் பயிற்சி வேண்டும். முதல் எண் நிறைவாகவும் இரண்டாவது மிகக் குறைவாகவும் இருந்தால், கையைக் குறை சொல்லிப் பயனில்லை. திட்டமிடும் பழக்கமே வேண்டுவது. எந்நோய் என்று அறியாமல் மருந்து கொடுப்பதால்தான், "வேகமாக எழுது, வேகமாக எழுது" என்று ஆண்டு முழுவதும் சொல்லியும் பல பிள்ளைகளிடம் மாற்றம் காணப்படுவதில்லை.

திட்டமிடுதல் என்பது பெரிய வேலையன்று. 11 நிமிட விடைக்கு ஒரு நிமிடம் போதும். 90 நிமிடக் கட்டுரைக்கு 15 நிமிடம் திட்டம், 65 நிமிடம் எழுத்து, 10 நிமிடம் சரிபார்த்தல் என்று பகுக்கலாம். அந்த 65 நிமிடத்தில் ஆயிரம் சொற்கள் எழுத, நிமிடத்துக்கு 15 அல்லது 16 சொற்கள் எழுதினாற் போதும். முன்கூட்டியே முடிவு செய்தவருக்கு அது நிதானமான நடை. முடிவு செய்யாதவருக்கு அதுவே எட்டாத ஓட்டம்.

எடுத்துக்காட்டாக, "ஏரிகளைக் காத்தல்" என்பது தலைப்பு என்று கொள்ளலாம். ஏரிப் பாசனத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதில் சொல்லச் செய்தி மிகுதியாக உண்டு. செய்தி மிகுதியே அங்கு இடையூறாகவும் ஆகிவிடும். ஆதலின், விடைத்தாளில் குறிப்பெழுத விதி இடந்தருமாயின் அங்கும், இல்லையேல் மனத்திலும் ஐந்து சொற்களை மட்டும் வரிசையாக நிறுத்த வேண்டும். பயன், அமைப்பு, கேடு, காரணம், தீர்வு என்பன அவை. இனி ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் இரண்டு செய்திகள். பயன் என்பதில் பாசனமும் கிணற்று நீர்மட்டமும். அமைப்பு என்பதில் நீரைக் கொணரும் வரத்துக்காலும், கரை, மதகு, கலங்கல் ஆகியவையும். கேடு என்பதில் வண்டல் படிந்து ஏரி மேடாதலும் சீமைக்கருவேலம் அடர்தலும். காரணம் என்பதில் ஆக்கிரமிப்பும், ஊரார் சேர்ந்து பராமரித்த வழக்கம் தளர்ந்ததும். தீர்வு என்பதில் தூர்வாரலும், குடிமராமத்தும். இறுதியாக, கட்டுரையின் கடைசி வாக்கியம் எது என்பதையும் முன்னரே முடிவு செய்துவிட வேண்டும். "ஏரி ஊரின் பொதுச்சொத்து என்னும் உணர்வு திரும்பினால்தான் ஏரியில் நீரும் திரும்பும்" என்பது அக்கடைசி வாக்கியமாக இருக்கலாம். போய்ச் சேரும் ஊர் தெரிந்தவர் வழியில் நின்று விசாரிக்க வேண்டியதில்லை.

இத்திட்டத்தில் மற்றொரு நன்மையும் உண்டு. நேரம் குறைந்துவிட்டால் எதைச் சுருக்குவது என்பது உடனே தெரியும். அமைப்பைப் பற்றிய பத்தியை இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டுத் தீர்வுக்குச் சென்றுவிடலாம். திட்டமில்லாதவரோ அமைப்பை மூன்று பக்கம் வருணித்து, தீர்வை எட்டும் முன்னரே மணி அடிக்கக் கேட்பார்.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தும், ஒரு நூலுக்கு வேண்டிய அழகுகள் பத்தும் எண்ணிச் சொல்லப்பட்டுள்ளன. சமணச் சான்றோர் தமிழுக்கு அளித்த அவ்விலக்கணத்தைத் தேர்வுக் கட்டுரைக்கு உரைகல்லாகக் கொள்ளலாம். தொடங்கிய பொருளை விட்டு வேறொன்றைப் பெருக்குவது மற்றொன்று விரித்தல் என்னும் குற்றம். ஏரியைப் பற்றிக் கேட்டால் மழையின் பெருமையை இரண்டு பக்கம் எழுதுவது இதுவே. சொன்னதையே வேறு சொற்களில் மீண்டும் சொல்வது கூறியது கூறல். பக்கம் நிரம்பினால் மதிப்பெண் வரும் என்ற தவறான நம்பிக்கையில் பிறப்பது அது. தொடக்கத்தில் ஆரவாரமாகப் புறப்பட்டு, வரவரத் தேய்ந்து மறைவது சென்று தேய்ந்து இறுதல். நேரம் போதாத மாணவரின் விடைத்தாள் பெரும்பாலும் இவ்வாறே காணப்படும்: முதல் விடை நான்கு பக்கம், ஐந்தாம் விடை ஒரு பக்கம், கடைசி விடை மூன்று வரி. இம்மூன்று குற்றங்களும் நீங்கினாலே நேரத்தின் பெரும்பகுதி மீண்டுவிடும். அழகுகளுள் சுருங்கச் சொல்லல் நேரத்தைக் காக்கிறது. விளங்க வைத்தல் மதிப்பெண்ணைக் காக்கிறது.

சுருக்கம் என்பது வாக்கியத்துக்குள்ளும் வேண்டும். தமிழில் சொற்கள் நீளமானவை. அவற்றைத் தேவையின்றி மேலும் நீட்டுவது வழக்கமாகிவிட்டது. "இத்திட்டமானது அரசாங்கத்தால் செயல்படுத்தப்பட்டு வருகின்றது" என்பதில் 33 எழுத்துகள் உள்ளன. "அரசு இத்திட்டத்தைச் செயல்படுத்துகிறது" என்பதில் 21 எழுத்துகளே உள்ளன. பொருள் ஒன்றே. ஒரு வாக்கியத்தில் 12 எழுத்துகள் மிச்சமானால், நாற்பது வாக்கியங்கள் கொண்ட கட்டுரையில் கைக்கு எத்துணை ஓய்வு கிடைக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இனிக் கையெழுத்து. பொதுத்தேர்வில் மாணவரின் பெயரும் பதிவெண்ணும் உள்ள முகப்புத்தாளைப் பிரித்த பின்னரே விடைத்தாள் திருத்துவோரிடம் செல்கிறது. மாணவர் யார், எந்த ஊர், எப்பள்ளி என்பது அவருக்குத் தெரியாது. தெரியாதிருப்பதே நடுவுநிலைமைக்குக் காவல். சீன நாட்டில் சோங் அரசர் காலத்து ஆட்சிப்பணித் தேர்வுகளில் இதற்கும் மேலே சென்றனர். கையெழுத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணாதிருக்க, விடைகள் அனைத்தையும் எழுத்தர்களைக் கொண்டு படியெடுத்து, அப்படிகளையே திருத்துவோரிடம் தந்தனர். இன்று அவ்வாறு படியெடுத்துத் தருவார் எவரும் இலர். மாணவரே தம் கருத்துக்கு எழுத்தராகவும் இருத்தல் வேண்டும். பெயரும் முகமும் மறைந்தபின் அவருக்காகப் பேசுவது அவ்வெழுத்து மட்டுமே.

படிக்க இயலாத எழுத்து என்ன செய்யும் என்பதைத் தமிழ் ஏட்டுச்சுவடிகளின் வரலாறு நன்கு காட்டும். ஓலையில் எழுத்தாணியால் எழுதியோர், ஓலை கிழியாதிருக்க மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு இராது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியை உ.வே.சாமிநாத ஐயர் 1880ஆம் ஆண்டில் ஆராயத் தொடங்கி, பல ஏடுகளை ஒப்பிட்டு, சமண சமயச் செய்திகளைக் கும்பகோணத்துச் சைனர்களிடம் கேட்டுத் தெளிந்து, 1887ஆம் ஆண்டில் பதிப்பித்தார். எழுத்தின் மயக்கத்தைத் தெளிய அவரிடம் ஏழாண்டுகள் இருந்தன. அளவிறந்த பொறுமையும் இருந்தது. ஒரு நாளில் பல விடைத்தாள்களைப் பார்க்க வேண்டிய ஆசிரியரிடம் ஒரு விடைக்கெனச் சில நிமிடங்களே உண்டு. மயக்கத்தைத் தெளிவிப்பது அவர் கடமை என்று விட்டுவிடலாகாது.

ஓலையில் எழுதியவருக்குப் புள்ளியிடாமைக்குக் காரணம் இருந்தது. தாளில் எழுதுபவருக்கு அக்காரணம் இல்லை. விரைந்து எழுதும்போது முதலில் காணாமற்போவது புள்ளியே. புள்ளி போனால் "பல்" என்பது "பல" ஆகிவிடும். கொம்பின் சுழி போனால் "கேடு" என்பது "கெடு" ஆகிவிடும். வரி முழுவதும் எழுதிவிட்டுப் பின்னர்ப் புள்ளி வைக்கலாம் என்று எண்ணுவோர் பாதியை மறந்துவிடுவர். எழுத்தோடு எழுத்தாகப் புள்ளியை இட்டுவிடுவதே விரைவும் ஆகும். ரகரமும் காலும் வேறுபட, ரகரத்தின் அடிக்கோடு தெளிவாக விழ வேண்டும். ணகர னகரங்களின் சுழிகளை எண்ணும்படி எழுத வேண்டும். அழகான கையெழுத்து எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. தெளிவான கையெழுத்தோ எவருக்கும் கைகூடும். அதற்கு வேண்டியவை மூன்று: எழுத்துகள் ஒரே அளவாக இருத்தல், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஓரெழுத்தின் அகலம் இடம் விடுதல், பத்திக்கும் பத்திக்கும் இடையே வெளி விடுதல். பிழை நேர்ந்தால் ஒரே கோட்டால் அடித்துவிட்டு அடுத்து எழுத வேண்டும். எழுத்தின் மேல் எழுத்து எழுதினால் இரண்டும் படிக்கப்படா.

கை வலிப்பதும் வேகத்தைக் குறைக்கும். பேனாவை இறுகப் பிடித்துத் தாளில் அழுத்துவோருக்கு ஒரு மணி நேரத்தில் விரல்கள் சோர்ந்துவிடும். முழங்கை வரை மேசையில் தாங்கலாக இருக்க, விரல்களை மட்டும் வருத்தாமல் கை முழுவதும் மெல்ல நகர்ந்து எழுதப் பழக வேண்டும். தேர்வு விதி எந்த மையை, எந்தப் பேனாவை அனுமதிக்கிறதோ அதனாலேயே பயிற்சியும் நடக்க வேண்டும். தேர்வன்று காலையில் புதுப்பேனா வாங்குவதை விடப் பழகிய பேனா இரண்டை எடுத்துச் செல்வது நன்று.

பயிற்சிக்கு நான்கு வாரம் போதும். முதல் வாரம், நாள்தோறும் 10 நிமிடம் பார்த்து எழுதுதல். தெளிவு கெடாமல் சொல் எண்ணிக்கை மெல்ல உயர வேண்டும். இரண்டாம் வாரம், கட்டுரை எழுதாமல் நாளுக்கு மூன்று தலைப்புகளுக்கு ஐந்து சொல் திட்டம் மட்டும் வகுத்தல். மூன்றாம் வாரம், கடிகாரத்தை எதிரில் வைத்து நாளுக்கு ஒரு விடை எழுதுதல். நேரம் முடிந்தால் பாதி வாக்கியத்திலும் நிறுத்திவிடல் வேண்டும். நான்காம் வாரம், மூன்று மணி நேரத் தேர்வு முழுவதையும் இருமுறையேனும் ஒரே அமர்வில் எழுதுதல். எழுதியதை மறுநாள் குடும்பத்தில் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். அவர் தடுமாறும் இடங்களே திருத்த வேண்டிய இடங்கள். இதற்குப் பெற்றோர் பெரும்படிப்புப் படித்திருக்க வேண்டுவதில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த பாட்டியார் ஒருவர் போதும்.

தேர்வு அறையில், வினாத்தாளைப் படிக்கத் தரப்படும் 10 நிமிடத்தை வீணாக்கலாகாது. "விளக்குக", "ஒப்பிடுக", "ஆராய்க" என்னும் ஏவல்களை அப்போதே கண்டுகொள்ள வேண்டும். ஒப்பிடக் கேட்டதற்கு விளக்கம் மட்டும் எழுதினால், எழுத்து அழகாயினும் விடை பாதியே. ஒரு வினாவுக்கு உரிய நேரம் முடிந்ததும், சிறிது இடம் விட்டு அடுத்ததற்குச் செல்லும் மனத்திண்மை வேண்டும். நன்றாகத் தெரிந்த விடையை மேலும் இரண்டு பக்கம் நீட்டினால் கிடைப்பது அரை மதிப்பெண்ணோ ஒன்றோ. எழுதாமல் விட்ட வினாவுக்குக் கிடைப்பது சுழியமே. கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு வினாக்கள் எஞ்சினால், இரண்டுக்கும் முக்கியக் கருத்துகளைச் சிறு வாக்கியங்களாக வரிசைப்படுத்தி எழுதிவிட வேண்டும்.

இறுதியாக, பெற்றோர் கவனத்துக்கு ஒன்று. எவ்வளவு பயின்றும் சில பிள்ளைகளால் விரைந்து எழுத இயலாது. எழுத்துகள் இடம் மாறும், கை ஒத்துழைக்காது. அது சோம்பலன்று, கற்றல் குறைபாடாகவோ உடற்குறையாகவோ இருக்கலாம். அதனை ஊரார் அறிந்துவிடுவரோ என்று மறைத்துப் பிள்ளையை அடித்து எழுத வைப்பது அதன் நெஞ்சைப் புண்படுத்தும் செயலாகும். மாற்றுத்திறனாளிகளுக்கான மைய அரசின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள், தகுதியுடையோருக்குச் சொல்வதை எழுதுவோரை அளிக்கவும், ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரவும் வகை செய்தன. பள்ளிப் பொதுத்தேர்வுகளிலும் இத்தகைய சலுகைகள் உண்டு. உரிய மருத்துவச் சான்றிதழைப் பெற்றுத் தலைமையாசிரியர் வழியாக முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கியபின் தேடினால் கிடைப்பதரிது. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே இதனைக் கவனிப்பது பெற்றோர் கடன்.

மாணவச் செல்வங்களே! தேர்வு அறையில் பக்கத்து இருக்கையில் உள்ளவர் கூடுதல் தாள் கேட்டு எழுந்தால் கலங்க வேண்டா. அவர் எவ்வளவு எழுதினார் என்பது உங்கள் கணக்கில் சேராது. ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைத்து, ஐந்து சொற்களை வரிசைப்படுத்தி, கடைசி வாக்கியத்தை முடிவு செய்துகொண்டு எழுதத் தொடங்குங்கள். கை தானே விரையும். புள்ளிகளும் தவறாமல் விழும். உங்கள் பெயரை அறியாத ஓர் ஆசிரியர், எங்கோ ஓரிடத்தில், தடையின்றி உங்கள் விடையைப் படித்துச் செல்வார். நீங்கள் கற்றது முழுவதும் அவரைச் சென்றடையட்டும்.